சிவராசுவுக்கு ஒரு குறை வேண்டும்

கண்ணு,

உன் நாவலின் தாள்கட்டு கூரியரில் வந்து ஆறு நாளாகிறது. மூன்று நாளில் படித்து முடித்துவிட்டேன். அடுத்த மூன்று நாளும் இந்தக் கடிதத்தை எழுத உட்காருவதும், இரண்டு வரி எழுதுவதும், எழுந்து போய்த் தண்ணீர் மோட்டாரைப் போடுவதும், தொட்டி நிறைவதற்குள் அதை அணைத்துவிட்டு மறுபடி வந்து உட்காருவதுமாகப் போய்விட்டன. "ஏனுங்க, ஊட்டை எத்தனை தடவைதான் நடந்து அளப்பீங்க? கட்டுனப்ப எத்தனை அடியோ இப்பவும் அத்தனை அடிதான்" என்கிறாள் உன் அம்மா. அவளுக்கென்ன, அவள் படித்துவிட்டு நிம்மதியாக இருக்கிறாள். புத்தகம் வியாழக்கிழமை அச்சுக்குப் போகிறது என்று எழுதியிருக்கிறாய். இன்று செவ்வாய். எனவே இந்த முறை மோட்டார் பக்கம் போகாமல் எழுதி முடித்துவிடுவது என்று இருக்கிறேன். நீ ஊருக்கெல்லாம் ஒரு கதை சொல்லப் போகிறாய். அதற்கு நான் எழுதும் இந்தப் பதிலையும் யார் வேண்டுமானாலும் படிக்கட்டும், ஒளிவு மறைவு வேண்டாம்.

முதலில் சிவராசுவைப் பற்றி. உன் கதாநாயகன் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் கட்டிங் மாஸ்டர். மூக்கு என் மூக்கு. நடை என் நடை. பேசும்போது கத்திரிக்கோலை விரலில் சுற்றுகிறானே, அதுவும் என் பழக்கம்தான். ஆகவே ஆள் யார் என்று எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் சிவராசுவுக்குத் தலை நிறைய முடி இருக்கிறது. நாயைக் கண்டால் அவன் ரோட்டின் அந்தப் பக்கம் போவதில்லை. பெண்டாட்டி சொல்வதைக் குறுக்கே பேசாமல் முழுசாகக் கேட்கிறான். உன் அம்மா கடைசிப் பக்கத்தை மூடிவிட்டு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "பொண்ணு பாக்க வந்தப்ப தரகர் இந்த ஆளைப் பத்தித்தான் சொன்னாருங்க. தாலி கட்டறப்பத்தான் மாறிப் போச்சு" என்றாள்.

எனக்குச் சிவராசுவைப் பிடிக்கவில்லை கண்ணு. கோபித்துக்கொள்ளாதே. நீ நன்றாக எழுதியிருக்கிறாய். சாயம் ஏற்றி டையிங்கிலிருந்து வந்த துணியின் ஈர வாசனை, கட்டிங் மிஷின் ஓடும்போது மூக்கில் ஏறும் பஞ்சு, இந்திக்காரப் பையன்களிடம் சிவராசு பேசும் அரைகுறை இந்தி எல்லாம் அச்சு அசல். அவன் மட்டும்தான் பொய். அவன் ஒரு வாசலில் நுழைகிறான் என்றால் உள்ளே போய் என்ன செய்வான் என்று எனக்கு முன்னாலேயே தெரிந்துவிடுகிறது. நல்லதைத்தான் செய்வான். பிறகு நான் எதற்கு அவன் பின்னால் நானூறு பக்கம் நடக்க வேண்டும்?

ஞாயிற்றுக்கிழமை போனில் இதைத்தான் சொல்லப் பார்த்தேன். "அவனுக்கு ஒரு குறை வேணும் கண்ணு" என்றேன். நீ சிரித்தாய். "சரிப்பா, கொஞ்சம் கோவக்காரன்னு ரெண்டு எடத்துல சேத்தறேன்" என்றாய். கோபமா? கதாநாயகர்களுக்கு அது நகை மாதிரி, போட்டால் இன்னும் அழகாகத்தான் இருப்பான். நான் கேட்டது அது அல்ல. அவனுடைய குறைக்கு வேறு யாராவது விலை கொடுத்திருக்க வேண்டும். அதைத்தான் போனில் சொல்ல முடியாமல், "சாப்பிட்டயா?" என்று கேட்டு வைத்துவிட்டேன்.

பத்தாவதில் கணக்கில் கோட்டை விட்டவனுக்குக் கதையைப் பற்றி என்ன தெரியும் என்று நீ கேட்க மாட்டாய். நானே கேட்டுக்கொள்கிறேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் மதியச் சாப்பாட்டு நேரத்தில் தெரிந்துகொண்டது. நீ பிறப்பதற்கு முன்பிருந்து நீ பள்ளிக்கூடம் போகிற வரை நான் வேலை செய்த கம்பெனியில், சாப்பாட்டு நேரத்தில் வாரப் பத்திரிகைத் தொடர்கதையைச் சத்தமாகப் படிப்பது என் வேலை. சம்பளம் இல்லாத வேலை. பெருமை மட்டும் நிறைய. அயர்ன் மேசைக்காரர்களும் செக்கிங் பெண்களும் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே கேட்பார்கள். முன்வரிசையில் எப்போதும் பழனி இருப்பான். கம்பெனியின் அயர்ன் மாஸ்டர். தைத்து வந்த பனியனையெல்லாம் ஆவி போட்டுத் தேய்த்து அளவுக்குக் கொண்டு வருகிற ஆள். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் கதை கேட்பதில் அவனை ஏமாற்ற முடியாது.

ஒரு தொடரில் ஒரு டாக்டர் வந்தான். ஏழைகளுக்கு இலவச வைத்தியம், அம்மா சொன்னால் தட்ட மாட்டான், எந்தப் பெண்ணையும் நிமிர்ந்து பார்க்க மாட்டான். மூன்றாவது வாரத்தில் பழனி தூக்குப்போசியை மூடிவிட்டான். "மாஸ்டர், இவனுக்கு எங்கீமே வேர்க்கவே வேர்க்காதுங்களா?" என்றான். செக்கிங் பெண்கள் சிரித்தார்கள். "ஒரே ஒரு பொய் சொல்லச் சொல்லுங்க. அப்பத்தான் எனக்குக் காது கேக்கும்." அடுத்த வாரம் டாக்டர் பாதி வைத்தியத்தில் இருக்கும்போதே கூட்டம் கை கழுவப் போய்விட்டது.

அதற்குப் பிறகு வந்த தொடரில் ஒரு தபால்காரன். ஒரு வீட்டுக்கு வந்த ஒரு கடிதத்தை மட்டும் கொடுக்காமல் தன் பையிலேயே வைத்துக்கொள்கிறான். அந்த வீட்டுப் பெண்ணின் மேல் அவனுக்கு ஆசை, கடிதம் அவளைக் கட்டிக்கொள்ளப் போகிறவனிடமிருந்து. அவ்வளவுதான் கதை. ஆனால் அந்த ஒரு மாதமும் சாப்பாட்டு மணி முடிந்தும் யாரும் எழுந்திருக்கவில்லை. சூப்பர்வைசர் வந்து கத்த வேண்டியிருந்தது. பழனி காலையில் கேட்டுக்குள் நுழையும்போதே கேட்பான்: "குடுத்துப் போட்டானுங்களா?" இன்னும் இல்லை என்றால், "அட கருமாந்திரம் புடிச்சவனே!" என்று தபால்காரனைத் திட்டிக்கொண்டே போவான். டாக்டரை யாரும் ஒரு வார்த்தை திட்டியதில்லை. திட்டுவதற்கு அவன் நம் ஆளாக இருக்க வேண்டும் அல்லவா? செக்கிங் மேசையில் பார்த்திருக்கிறாய். குறை இல்லாத பனியனை எந்தப் பெண்ணும் இரண்டாம் முறை திருப்பிப் பார்ப்பதில்லை, மடித்து அந்தப் பக்கம் போட்டுவிடுவாள். ஓட்டை விழுந்தது மட்டும் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு பத்துக் கைகளுக்குப் போய் வரும். எப்படி விழுந்தது, எங்கே விழுந்தது, யார் கையில் விழுந்தது என்று எல்லோரும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார்கள்.

இப்போது உன் பதினேழாவது அத்தியாயத்துக்கு வருகிறேன். இந்த இடத்தில் இருமுறை எழுந்து போய்விட்டு வந்தேன், மறைக்கவில்லை.

உன் கதையில் குழந்தைகளுக்கான டி-ஷர்ட் ஆர்டர் ஒன்று அளவு குறைந்துபோகிறது. முதலாளி கொதிக்கிறார். பழி அயர்ன் மாஸ்டர் வேலுவின் மேல் விழப் போகிறது. அப்போது சிவராசு கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து, "தப்பு என்னோடதுங்க. அவனை ஒண்ணும் சொல்லாதீங்க" என்கிறான். வேலுவின் கண் கலங்குகிறது. படிக்கிற எனக்கும் கலங்கியது. எழுத்தில் அவ்வளவு நயம். இந்தச் சம்பவத்தை நீ கற்பனை செய்யவில்லை, நான் உனக்குச் சொன்னது. உனக்கு ஆறு வயது. வேலு என்று நீ பெயர் மாற்றியிருக்கிறாயே, அது பழனி.

அது நடக்கவில்லை கண்ணு. கூட்டத்தை விலக்கிக்கொண்டு யாரும் முன்னால் வரவில்லை.

நடந்தது இது. டையிங் முடிந்து சுருட்டி வரும் பின்னல் துணி இழுபட்டுப்போய் வரும், அதிலும் லைக்ரா என்கிற இழுவை நூல் கலந்ததென்றால் கேட்கவே வேண்டாம். அதைப் பிரித்து மேசையில் விரித்து ஒரு நாள் சும்மா ஆறப் போட வேண்டும். அது தன் பழைய அளவுக்குத் தானாகச் சுருங்கி வந்த பிறகுதான் வெட்ட வேண்டும். புதுப் பையனுக்குக்கூட முதல் வாரம் சொல்லிக்கொடுப்பது இதைத்தான். அந்தச் சனிக்கிழமை துணி வந்தது. ஆற விட்டிருந்தால் திங்கட்கிழமை வெட்டியிருக்கலாம், எந்த அவசரமும் இல்லை. ஆனால் திங்கட்கிழமை காலையில் வெளிநாட்டுக் கம்பெனியின் ஆள் பார்க்க வருகிறான். அவன் வரும்போது வெட்டி முடித்துக் கட்டுக் கட்டாக அடுக்கியிருக்க வேண்டும், முதலாளி அதைக் காட்டி, "எங்க மாஸ்டர் கைக்கு இந்த ஊர்ல ஜோடி இல்லீங்க" என்று சொல்ல வேண்டும், நான் கத்திரிக்கோலை விரலில் சுற்றிக்கொண்டு பக்கத்தில் நிற்க வேண்டும். இந்த ஒரு காட்சிக்காக, வந்த துணியை வந்த சூட்டோடு வெட்டினேன். முதலாளி சொன்னார். நானும் நின்றேன். நன்றாகத்தான் இருந்தது.

தைக்கத் தைக்கப் பழனியின் மேசைக்குப் போய், ஆவி பட்டதும் துணி தன் குணத்தைக் காட்டிவிட்டது. உயரத்தில் ஒன்றரை இஞ்ச் குறைவு. ஆர்டர் முழுக்க. முதலாளி அளவு டேப்பைக் கையில் வைத்துக்கொண்டு, "என்ன மாஸ்டர் இது?" என்று கேட்டார். என்னிடம்தான் கேட்டார், என் மேல் அவருக்குச் சந்தேகமே இல்லை. எனக்கு யோசிக்க நேரம் இருந்தது. நாற்பது வினாடியாவது இருந்தது. டேப்பை வாங்கி, தெரியாதவன் போல மறுபடி அளந்தேன். பிறகு, "ஆவி ஜாஸ்தியா வெச்சிருக்காங்க போலங்க" என்றேன். பழனியின் பெயரைக்கூடச் சொல்லவில்லை பார், அவ்வளவு நாசூக்கு. பழனி அயர்ன் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். அன்று மதியத்துக்குள் அவன் கணக்கை முடித்து அனுப்பிவிட்டார்கள். தப்பு எங்கே என்று சட்டென்று கண்டுபிடித்ததற்காக முதலாளி என் முதுகில் தட்டினார். சரக்கைப் பாழாக்கிய அயர்ன் மாஸ்டர் என்ற பேச்சு ஊருக்குள் பரவ எத்தனை நாளாகும்? வேறு எந்தக் கம்பெனியும் அவனைச் சேர்க்கவில்லை. சொந்த ஊரான சோமனூருக்குப் போய்த் தள்ளுவண்டியில் இஸ்திரி போடுகிறான் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

அந்த வாரம் நீ கேட்டாய்: "பழனி மாமா ஏனுங்கப்பா நம்மூட்டுக்கு வரவே மாட்டீங்கறாங்க?" ஞாயிற்றுக்கிழமைகளில் உன்னைச் சைக்கிள் பாரில் உட்கார வைத்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வருவான், அதனால் கேட்டாய். நான் உனக்கு ஒரு கதை சொன்னேன். அவன் மேல் பழி வந்தது, அப்பா முன்னால் போய்த் தப்பு என்னுடையது என்று சொல்லிக் காப்பாற்றினேன், பிறகு அவனுக்குச் சோமனூரில் இதைவிடப் பெரிய வேலை கிடைத்துப் போய்விட்டான். சொல்லச் சொல்ல எனக்கே அது பிடித்துப்போனது. நம் குடும்பத்தில் முதல் கதாசிரியன் நீ இல்லை என்பது இப்போது தெரிகிறதா? நீ அதை நாலாம் வகுப்பில் "என் அப்பா" என்று கட்டுரையாக எழுதிப் பரிசு வாங்கி வந்தாய். சோப்பு டப்பா. உன் அம்மா அதைப் பத்து வருடம் வைத்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை உன் போனை வைத்த பிறகு அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை. கடைசியில், "பழனியண்ணன் பொண்டாட்டி அப்ப முழுகாம இருந்தாளுங்க" என்றாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு இன்று வரை என்னைக் கேலி செய்யத் தவறவில்லை, சோறு போடத் தவறவில்லை. ஆனால் அந்த ஒரு வாக்கியத்தை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. எனக்கு அது ஞாபகமே இல்லை என்பதுதான் உண்மை.

நேற்று மங்கலம் வழி பஸ் ஏறிச் சோமனூர் போனேன். அவன் கடை எங்கே என்று யாரிடமும் கேட்கவில்லை, எனக்குத் தெரியும். இத்தனை வருடத்தில் அந்த வழியாக இரண்டு முறை பஸ்ஸில் போயிருக்கிறேன், கடை வரும்போது இரண்டு முறையும் குனிந்து காலடியில் செருப்பைத் தேடியிருக்கிறேன். இப்போது தள்ளுவண்டி இல்லை, சின்னதாக ஒரு அறைக் கடை. பழனிக்கு முழுசாக நரைத்துவிட்டது. என்னைப் பார்த்ததும், "அட, மாஸ்டருங்களா! வாங்க வாங்க. என்னுங்க தலையில ஒண்ணையும் காணம்?" என்றான். எதிர்க்கடைக்குக் குரல் கொடுத்து டீ சொன்னான்.

உன் தாள்கட்டைக் கையில் கொண்டுபோயிருந்தேன். "பையன் கதை எழுதியிருக்கறான் பழனி, உனக்குப் படிச்சுக் காட்டணும்" என்றேன். சட்டையைத் தேய்த்துக்கொண்டே, "படிங்க, கேட்டு எத்தனை வருசமாச்சு" என்றான். பதினேழாவது அத்தியாயத்தைப் படித்தேன். சிவராசு கூட்டத்தை விலக்கும் இடத்தில் தாளை மூடிவிடலாமா என்று இருந்தது. ஆனாலும் கடைசி வரி வரை படித்தேன். பழனி பெட்டியை நிமிர்த்தி வைத்தான்.

"பையன் நல்லா எழுதறானுங்க. ஆனா இந்தச் சிவராசு ஆருங்க? நம்ம கம்பெனில நான் பாத்ததே இல்லையே."

"தப்பு என்னுது பழனி. துணியை ஆறப் போடாம வெட்டிட்டேன்" என்றேன். இருபது வருடத்துக்கு மேலாகத் தொண்டையில் இருந்தது, வெளியே வந்தபோது ஏதோ டீக்குச் சர்க்கரை போதாது என்று சொல்வது போலத்தான் இருந்தது.

"அது தெரியுங்க. பெட்டியை வெச்ச ஒடனே கைக்குத் தெரிஞ்சு போச்சு. மொதல் நூறு பீசுலயே தெரிஞ்சுது."

"அப்பவே வந்து சொல்லியிருக்கலாமே?"

"சொல்லீருந்தா மிச்சத்தைத் தைக்காம நிறுத்திச் சின்ன சைசுக்கு மாத்தியிருக்கலாம். சொல்லுலீங்க. மாஸ்டர் நல்லா மாட்டட்டும்னுதான் முழுசாத் தேச்சு முடிச்சேன்." அடுத்த சட்டையை எடுத்து உதறினான். "அதுக்கு மொத வாரம் நீங்க கை கழுவப் போனப்ப, அந்தத் தபால்காரன் கதையோட தலைப்பை நான் எழுத்துக் கூட்டிக்கிட்டு இருந்தேன். நீங்க வந்து அதே மாதிரித் திக்கித் திக்கிப் படிச்சுக் காட்டுனீங்க. செக்கிங் புள்ளைங்க எல்லாம் சிரிச்சுதுங்க. நீங்க மறந்திருப்பீங்க."

மறந்துதான் போயிருந்தேன்.

"அதனால உங்க பையன்கிட்டச் சொல்லுங்க. உங்களை எப்படியோ எழுதிக்கட்டும். அந்த வேலுவைக் கண்ணு கலங்கறவனா, தங்கமா எழுத வேண்டாம். எனக்குக் கேக்கவே கூச்சமா இருக்குதுங்க. அவன் அப்பவே வாயைத் தொறந்திருந்தா பாதிச் சரக்குத் தப்பிச்சிருக்கும்."

நான் செய்ததை இது ஒரு நூல்கூடக் குறைக்கவில்லை கண்ணு. அப்படி நினைத்துக்கொண்டு நீ என்னைக் காப்பாற்றிவிடாதே. அவன் வாயை மூடினதில் போனது ஒரு சரக்கு. நான் வாயைத் திறந்ததில் போனது ஒரு ஆளின் பிழைப்பு. ஆனால் அந்த நிமிடம் அந்த அறைக் கடையில் நின்றுகொண்டு எனக்கு ஒன்று தோன்றியது. உன் நானூறு பக்கத்தில் சிவராசுவும் வேலுவும் ஒரு முறைகூட ஒருவரையொருவர் இப்படிப் பார்த்துக்கொள்ளவில்லை. எப்படிப் பார்ப்பார்கள்? ஒருத்தன் முழு உத்தமன், இன்னொருத்தன் முழு அப்பாவி. அவர்களுக்குள் பேசிக்கொள்ள என்ன இருக்கிறது, நன்றி சொல்வதைத் தவிர?

இதோடு முடித்திருந்தால் நல்ல கடிதம். மூன்று நாளாக நான் தவித்ததும் தீர்ந்திருக்கும். ஆனால் கிளம்பும்போது பழனி ஒன்று கேட்டான். கேலியாகக் கேட்கவில்லை, பழைய நாளில் கதையைப் பற்றிக் கேட்பது போலவே கேட்டான். "ஏனுங்க மாஸ்டர், என்னைய அனுப்புன அன்னைக்கு நீங்க எப்படித் தூங்குனீங்க?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "தூக்கமா? ஒரு மாசம் கண்ணை மூடல பழனி" என்றேன். குரல்கூடக் கொஞ்சம் கம்மியது. அவன் முகம் இளகிப்போனது. "அட விடுங்க மாஸ்டர், நீங்களும் என்ன பண்ணுவீங்க, பாவம்" என்று பஸ் நிற்கும் இடம் வரை கூடவே வந்து ஏற்றிவிட்டான். ஜன்னல் வழியாகக் கை காட்டினான். நானும் காட்டினேன்.

கண்ணு, அன்றைக்கு நான் நன்றாகத் தூங்கினேன். வீட்டுக்கு வந்து குளித்து, உன் அம்மா செய்த பருப்புச் சோற்றை இரண்டு முறை போட்டுச் சாப்பிட்டு, படுத்ததும் தூங்கிவிட்டேன். அந்த மாதம் முழுக்க அப்படித்தான். குற்றம் செய்தவன் புரளுவான் என்று கதைகளில் படித்திருக்கிறேன், நேற்று அதைத்தான் எடுத்து அவனிடம் நீட்டினேன். மன்னிப்புக் கேட்கப் போன இடத்திலும் எனக்கு ஒரு நல்ல வேடம் தேவைப்பட்டிருக்கிறது, அதையும் அவனே எனக்குக் கொடுத்து அனுப்பினான்.

நாளைக்குக் காலை முதல் பஸ்ஸில் மறுபடி போகிறேன். நன்றாகத் தூங்கினேன் பழனி என்று அவன் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அதற்கு அவன் என்ன சொல்வான், கடைக்குள் விடுவானா, பெட்டியைத் தூக்கி எறிவானா, எதுவும் எனக்குத் தெரியாது. உன் சிவராசு போனால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். நான் போனால் என்ன நடக்கும் என்று தெரியவில்லை. வியாழக்கிழமை வேண்டாம் கண்ணு. அச்சகத்துக்காரரை நிறுத்தி வைக்கச் சொல். பதினேழாவது அத்தியாயம் இன்னும் முடியவில்லை.

அப்பா